வீட்டுப் பட்டறையில் இரட்டை ஊசல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் ஓர் இரட்டை ஊசல் தொங்குகிறது. வீட்டுக்கு வருபவர்கள் ஒருமுறை அதைத் தூக்கி விட்டால் ஓயும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். அதன் பிறகு கேள்விகள் தொடங்கும். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். இது நான் செய்த மூன்றாவது ஊசல். முதல் இரண்டில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

இரட்டை ஊசல் என்றால் என்ன?

ஒரு கை, அதன் நுனியில் இன்னொரு கை. மேல் கை சுவரில் உள்ள அச்சைச் சுற்றும். கீழ்க் கை, மேல் கையின் நுனியில் உள்ள அச்சைச் சுற்றும். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. பள்ளியில் நூலில் குண்டைக் கட்டி ஆட்டிப் பார்த்த தனி ஊசலின் அடியில் இன்னொரு ஊசலை மாட்டினால் அதுவே இரட்டை ஊசல். பேச வசதியாக, சுவரில் உள்ள அச்சைத் தோள் என்றும் நடுவில் உள்ளதை முழங்கை என்றும் இந்தப் பக்கத்தில் சொல்லப்போகிறேன்.

தனி ஊசல் அடுத்து எங்கே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். இதில் அது நடக்காது. கீழ்க் கை ஒரு சுற்றுச் சுற்றும், சட்டென்று நிற்கும், எதிர்ப்பக்கம் புரளும், ஒரு கணம் அப்படியே அந்தரத்தில் நிற்பது போலத் தோன்றும். மேல் கை அதற்குள் எங்கோ போயிருக்கும். நூறு முறை பார்த்த எனக்கும் அடுத்த புரளல் எந்தப் பக்கம் என்று தெரியாது.

அப்படியானால் இது தற்செயலாக ஆடுகிறதா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். ஊசலின் ஒவ்வொரு அசைவும் நியூட்டனின் விதிப்படிதான் நடக்கிறது. இரண்டு கைகளின் கோணமும் சுற்றும் வேகமும் இந்தக் கணத்தில் என்ன என்று துளியும் பிழையின்றித் தெரிந்தால் அடுத்த கணம் என்ன ஆகும் என்பதைச் சமன்பாடு சொல்லிவிடும். சிக்கல் அந்தத் "துளியும் பிழையின்றி" என்பதில் இருக்கிறது. நம் அளவீட்டில் உள்ள நூலிழைப் பிழை, நொடிக்கு நொடி பல மடங்காகப் பெருகிக்கொண்டே போகும். இந்தக் குணத்தைத்தான் கேயாஸ் என்கிறார்கள்.

அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1961இல் கணினியில் ஒரு வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டினார். கணினி உள்ளே வைத்திருந்த எண் 0.506127. அச்சாகி வந்த தாளில் 0.506 என்று சுருங்கியிருந்தது. அதையே அவர் உள்ளிட்டார். கொஞ்ச தூரம் இரண்டு ஓட்டங்களும் ஒன்றாகப் போயின, பிறகு அடையாளம் தெரியாதபடி பிரிந்தன. கணினியில் அவர் கண்டதை நம் வீட்டுச் சுவரில் இரும்பிலும் அலுமினியத்திலும் பார்ப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

எப்படியும் தாறுமாறாக ஆடப்போகிற பொருள்தானே? ஏன் துல்லியமாகச் செய்ய வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. என் முதல் ஊசலை இப்படி நினைத்துத்தான் செய்தேன். பட்டையில் சாதாரண டிரில்லால் துளை, அதில் போல்ட், இரண்டு வாஷர். ஆடியது, கடகடத்தது, பத்து நொடிக்குள் நின்றது. பார்த்தவர்கள் "போல்ட் லூசா இருக்கு, அதான் இப்படி ஆடுது" என்றார்கள். அவர்கள் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. உண்மையிலேயே போல்ட் ஆடியது.

மூட்டில் ஆட்டம் இல்லாமல், உராய்வு மிகக் குறைவாக, கைகள் ஒரே தளத்தில் சுற்றும்படி செய்த பிறகும் அது கணிக்க முடியாமல் புரளும்போதுதான் பார்ப்பவருக்கு உறைக்கும்: பழி சொல்ல இங்கே ஒரு லூஸ் போல்ட் கூட இல்லை, இந்தக் குணம் இயக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. வேலை எவ்வளவு சுத்தமோ அவ்வளவு தெளிவாகக் கேயாஸ் தெரியும். கீழே சொல்லப்போகும் எல்லா முடிவுகளும் இதை மனதில் வைத்து எடுத்தவை.

என்ன அளவில் செய்யலாம்?

நீளமாகச் செய்யுங்கள். பேரிங்கின் உராய்வு ஊசலை நிறுத்தப் பார்க்கிறது, கையின் எடை அதை ஓட்டப் பார்க்கிறது. உராய்வு பேரிங்கின் சின்ன ஆரத்தில் வேலை செய்கிறது. எடை கையின் முழு நீளத்தில் வேலை செய்கிறது. அதனால் அதே பேரிங்கில் கை நீண்டால் உராய்வின் பங்கு குறையும். இன்னொரு நன்மையும் உண்டு. ஊசலின் ஆட்ட நேரம் நீளத்தின் வர்க்கமூலப்படி கூடும். நீளம் நான்கு மடங்கானால் ஆட்டம் இரண்டு மடங்கு நிதானமாகும். கையடக்க ஊசல்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும். பெரியவற்றைக் கண்ணால் பின்தொடரலாம்.

என் சுவரில் உள்ளதன் அளவு இது. மேல் கை, தோளிலிருந்து முழங்கை வரை 25 செ.மீ. கீழ்க் கை, முழங்கையிலிருந்து நுனி வரை 22 செ.மீ. முழுதாக நீட்டினால் 47 செ.மீ. எட்டும். ஆகவே சுவரில் ஒரு மீட்டர் விட்டத்துக்கு வட்டமான காலி இடம் வேண்டும்.

கீழ்க் கை ஏன் 3 செ.மீ. குறைவு?

அது முழுச் சுற்றுச் சுற்றும்போது தோள் அச்சில் இடிக்காமல் இருக்க. என் மேல் கை ஒற்றைப் பட்டை அல்ல, 20 மி.மீ. இடைவெளி விட்டு நிற்கும் இரண்டு பட்டைகள். கீழ்க் கை அவற்றின் நடுவில் சுற்றுகிறது. ஒற்றைப் பட்டையின் முன்பக்கம் இன்னொரு பட்டையை மாட்டுவது செய்ய எளிது, நீளமும் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் கீழ்க் கை எப்போதும் ஒரு பக்கமாக இழுப்பதால் மேல் கை முறுக்கிக்கொள்ளும், பேரிங் பக்கவாட்டில் அழுந்தும். என் இரண்டாவது ஊசல் அப்படிப்பட்டது. ஒவ்வொரு புரளலிலும் டக் டக்கென்று சத்தம் வந்தது. நடுவில் சுற்றும் அமைப்பில் இழுப்பு இரண்டு பட்டைகளுக்கும் சமமாகப் பிரிகிறது.

என்னென்ன பொருள் வேண்டும்?

மேல் கைக்கு 40 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிப்பும் கொண்ட அலுமினியப் பட்டை, 29 செ.மீ. நீளத்தில் இரண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 190 கிராம் வரும். கீழ்க் கைக்கு 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிப்பில் இரும்புப் பட்டை, 23.5 செ.மீ. நீளம், முழங்கைத் துளை ஒரு முனையிலிருந்து 1.5 செ.மீ. தள்ளி. இது 280 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கீழ்க் கையை இரும்பில் செய்வதற்குக் காரணம் உண்டு. காற்று பட்டையின் பரப்பைப் பிடித்து இழுக்கிறது. அதே பரப்பில் எடை கூடினால் காற்றின் பிடி அவ்வளவாகத் தெரியாது.

முழங்கைக்கு 608 எண் பேரிங் இரண்டு: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருப்பதும் இதுவேதான், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். தோளுக்கு 6000 எண் பேரிங் இரண்டு: 10, 26, 8. அச்சுக்கு 8 மி.மீ., 10 மி.மீ. பாலிஷ் கம்பி. போல்ட்டை அச்சாக்க வேண்டாம். 8 மி.மீ. போல்ட் என்று விற்பதை வெர்னியரில் அளந்து பாருங்கள். அநேகமாக 8க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்த இடைவெளிதான் கடகடப்பு. 3டி பிரின்டர்களில் வரும் தேய்த்து மெருகேற்றிய கம்பி பேரிங்கில் பிசகாமல் உட்காரும், விலையும் அதிகமில்லை.

பட்டைகள் பழைய இரும்புக் கடையிலேயே எடைக்குக் கிடைக்கும். கோவையில் எனக்கு அலைச்சலே இல்லை. தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கும் ஊர் இது. மொத்தச் செலவில் பெரிய பங்கு லேத் கூலிதான்.

புதுப் பேரிங் போட்டும் ஊசல் சீக்கிரம் நிற்கிறதே?

உள்ளே இருக்கும் கிரீஸ்தான் காரணம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுக்காகத் தயாரித்த பேரிங் அது. அந்த வேகத்தில் கிரீஸ் உதவும். நம் வேகத்தில் பசை போலப் பிடிக்கும். அதோடு ரப்பர் மூடி உள்வளையத்தைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

ரப்பர் மூடி வைத்ததை, அதாவது 2ஆர்எஸ் என்று பொறித்திருப்பதை, வாங்குங்கள். முரண்பாடாகத் தோன்றலாம், ஆனால் கத்தி நுனியால் மூடியை நெம்பினால் வளையாமல் வந்துவிடும். தகர மூடி போட்டது சில சமயம் அடம்பிடிக்கும். இரண்டு பக்க மூடியையும் எடுத்துவிட்டு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கிரீஸ் போகும்வரை கழுவுங்கள். வீட்டுக்கு வெளியே, அடுப்போ விளக்கோ பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பின் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும்.

கழுவும் முன் பேரிங்கை விரலில் மாட்டிச் சுண்டிப் பாருங்கள். கழுவிய பிறகு மறுபடி சுண்டிப் பாருங்கள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. மூடி இல்லாததால் தூசி உள்ளே போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கழுவினால் போதும்.

துளைகளை எப்படிப் போடுவது?

இந்த வேலையின் உயிரே இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மேல் கையின் இரண்டு பட்டைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, இறுக்கிக் கட்டி, ஒரே அமர்வில் துளை போட வேண்டும். தனித்தனியாக அளந்து போட்டால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அரை மி.மீ. தப்பும். அரை மி.மீ. தப்பினால் அச்சு கோணலாக நிற்கும், பேரிங் இறுகும். சேர்த்துப் போட்டால் துளை இடம் மாறினாலும் இரண்டிலும் ஒரே மாதிரி மாறியிருக்கும், கவலையில்லை. பட்டறையில் கொடுக்கும்போது இதை வாயால் சொல்லி, பட்டையிலும் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

22 மி.மீ. துளையின் விட்டத்தில் எதிரெதிர் இரு பிழைகளும் நடக்கும். துளை பெரிதானால் பேரிங் உள்ளே உருளும். துளை சிறிதாகி, சுத்தியலால் அடித்து ஏற்றினால் வெளிவளையம் நசுங்கி உள்ளே உள்ள குண்டுகளை நெருக்கும். கழுவி எடுத்த பேரிங் மறுபடி கட்டைபோல ஆகிவிடும். கட்டை விரலால் அழுத்தினால் போய் உட்காரும் அளவு சரியானது. பிறகு பேரிங்கை நிறுத்துவதற்கென்றே விற்கும் பசையைத் துளையின் சுவரில் மெல்லிதாகத் தடவி ஒட்டிவிடலாம். பசை பேரிங்குக்குள் ஒழுகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பசையைப் பூசியது கம்மி என்று தோன்றினால் அது சரியான அளவு.

லேத்காரர் "இந்தத் துளை எதுக்கு?" என்று கட்டாயம் கேட்பார். சொல்லிவிடுங்கள். என் மூன்றாவது ஊசலுக்குத் துளை போட்டவர் வேலை முடிந்ததும் பேரிங்கை அவரே ஏற்றிச் சுற்றிப் பார்த்து, திருப்தி இல்லாமல் கழற்றி, துளையைத் துல்லியமாக்கும் ரீமரை இன்னொரு முறை ஓட்டிக் கொடுத்தார். எதற்காக என்று தெரிந்ததால் கிடைத்த கவனம் அது.

முழங்கையை எப்படிக் கோப்பது?

பேரிங்குகள் மேல் கையின் இரண்டு பட்டைகளிலும் உட்காரும். 8 மி.மீ. கம்பி இரண்டிலும் நுழைந்து செல்லும். நடுவில் கீழ்க் கை அந்தக் கம்பியோடு இறுகியிருந்து, கம்பியோடு சேர்ந்து சுற்றும். இறுக்க, கீழ்க் கையில் சின்ன பித்தளைப் புஷ் (குழல்) ஒன்றைப் பொருத்தி, தலையில்லாத கிரப் ஸ்குரூ போட்டேன். கம்பியில் ஸ்குரூ உட்காரும் இடத்தை அரத்தால் கொஞ்சம் தட்டையாக்கினால் நழுவாது. பட்டைகளுக்கு வெளியே கம்பியின் இரு முனையிலும், அது நழுவாமல் பிடிக்கும் வளையமான சர்க்கிளிப்.

புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் நடுவில் வைக்கும் வாஷர் பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொட வேண்டும். பெரிய வாஷர் வெளிவளையத்தையும் தொட்டால் அது பிரேக் பிடிக்கும். முதல் தடவை கோத்தவர்கள் "ஏதோ பிடிக்கிறது" என்று சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த வாஷரைத்தான்.

தோள் அச்சு?

40 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய உருளையை 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, நடுவில் துளைத்து, ஒவ்வொரு முனையிலும் 6000 எண் பேரிங் ஒன்று உட்கார இடம் கடைந்து வாங்குங்கள். ஒரே பேரிங்கில் நிறுத்தினால் கை முன்னும் பின்னும் தள்ளாடும். இரண்டு பேரிங் விலகி நின்றால்தான் அச்சு நேராக நிற்கும். இந்த உருளை இரும்புத் தகட்டில் பொருந்தி, தகடு சுவரில் ஏறும்.

கீழ்க் கையின் துளையைச் சரியாக நடுவில் போட்டால் இன்னும் வேகமாகச் சுற்றாதா?

சுற்றும், ஆனால் ஊசலே செத்துவிடும். கீழ்க் கையின் எடைமையத்திலேயே துளை விழுந்தால் முழங்கை வழியாக வரும் எந்தத் தள்ளலாலும் அதைத் திருப்ப முடியாது. விட்ட வேகத்திலேயே அது விசிறி போலச் சுற்றிக்கொண்டிருக்கும். மேல் கை தனி ஊசல் போல ஆடும். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. துளை எடைமையத்திலிருந்து விலக விலகத்தான் ஒன்றின் அசைவு இன்னொன்றை உலுக்கும். முடிந்தால் அதே பட்டையில் நடுவிலும் கூடுதலாக ஒரு துளை போட்டு வைத்து, மாற்றி மாட்டிப் பாருங்கள். நண்பர்களுக்குக் கேயாஸை விளக்க நான் முதலில் காட்டுவது இந்தச் சோதனையைத்தான்.

மேசை மேல் வைக்கிற மாதிரி ஸ்டாண்ட் செய்யலாமா?

சின்ன அளவுக்குச் செய்யலாம். இந்த அளவுக்கு வேண்டாம். சீரான ஒரு கம்பியைத் தலைகீழாக நிறுத்தி விட்டால், அது அடியைக் கடக்கும்போது அச்சில் தன் எடையைப் போல நான்கு மடங்கு இழுப்பைத் தரும். நம் ஊசலின் இரண்டு கைகளும் நீண்டு விழும்போதும் ஏறக்குறைய அப்படித்தான். இழுப்பு அடியில் மட்டும் வருவதில்லை; பக்கவாட்டிலும் மேலேயும் மாறி மாறி வரும். ஸ்டாண்ட் குலுங்கும், மேசை நகரும். குலுங்கும் ஒவ்வொரு தடவையும் ஊசலின் சக்தி அதற்குள் போய்விடும். பேரிங்கில் சேமித்ததை மேசையில் கொட்டுவது போல.

செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் நான்கு ஆங்கர் போல்ட் போட்டுத் தகட்டை இறுக்குங்கள். வெறும் பூச்சில் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் கொஞ்ச நாளில் தளரும். ரசமட்டம் வைத்து, தோள் அச்சு தரைக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். அச்சு சாய்ந்திருந்தால் கைகள் சாய்ந்த தளத்தில் சுற்றிப் பேரிங்கைப் பக்கவாட்டில் அழுத்தும்.

இது ஆபத்தானதா?

ஆம், மறைக்காமல் சொல்ல வேண்டும். 47 செ.மீ. நீளத்தைத் தலைகீழாக நிறுத்தி விட்டால் நுனி அடியைக் கடக்கும்போது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தைத் தொடும். சில புரளல்களில் மேல் கை தன் சக்தியைக் கீழ்க் கைக்கு மொத்தமாகக் கொடுத்துவிடும்; சாட்டையின் நுனி போல அப்போது இன்னும் வேகம் கூடும். முனையில் இருப்பது இரும்புப் பட்டை.

என் இரண்டாவது ஊசலில் முழங்கையைச் சாதாரண நட்டால் இறுக்கியிருந்தேன். இரண்டு திசையிலும் மாறி மாறிச் சுற்றும் மூட்டு நட்டை மெல்ல மெல்லக் கழற்றும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு மாலை கீழ்க் கை பறந்து போய் எதிரே நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியை உடைத்தது. பத்து நிமிடம் முன்பு அதே இடத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை நின்றிருந்தாள். அதற்குப் பிறகு நட் வரும் இடமெல்லாம் நைலான் வளையத்தால் கழலாமல் பிடிக்கும் நைலாக் நட், கிரப் ஸ்குரூவுக்கெல்லாம் மரை தளராமல் பிடிக்கும் பசை, ஆட்டும் முன் ஒருமுறை கையால் தொட்டுப் பார்ப்பது என்று வழக்கமாக்கிவிட்டேன்.

பட்டையின் மூலைகளை அரத்தால் ராவி வளைவாக்கி, பிசிறு எடுத்து, உப்புத்தாள் போடுங்கள். ஊசலின் தளத்துக்கு நேராக, அதாவது பக்கவாட்டில், யாரும் நிற்கக் கூடாது. முன்னால் நின்று பார்க்க வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் முன்பக்கம் அக்ரிலிக் தகடு அவசியம். ஆடும்போது கையால் பிடித்து நிறுத்த முயல வேண்டாம், தானே நிற்கட்டும்.

எந்தக் கோணத்திலிருந்து விட்டால் நன்றாக ஆடும்?

மெதுவாக ஆட்டினால் கேயாஸ் வராது என்பதை முதலில் பாருங்கள். சின்னக் கோணத்தில் இந்த ஊசல் மிகவும் ஒழுங்கானது. அதற்கு இரண்டே இரண்டு அடிப்படை ஆட்டங்கள்: இரண்டு கைகளும் ஒரே பக்கம் போகும் மெதுவான ஆட்டம், எதிரெதிர்ப் பக்கம் போகும் வேகமான ஆட்டம். எடையற்ற கம்பிகளின் நுனியில் சம எடைகள், கம்பிகளும் சம நீளம் என்று வைத்துக் கணக்கிட்டால் வேகமான ஆட்டம் மெதுவானதைப் போல 2.414 மடங்கு விரைவு. துல்லியமாகச் சொன்னால் ஒன்றோடு இரண்டின் வர்க்கமூலத்தைக் கூட்டிய எண். மற்ற எல்லாச் சிற்றாட்டமும் இந்த இரண்டின் கலவைதான்.

கோணத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டும் ஒரே மாதிரியான சீரான பட்டைகள் என்றால், கைகளை நேராக நீட்டி, தொங்கும் நிலையிலிருந்து 60 பாகைக்குக் குறைவாகத் தூக்கி விட்டால் கீழ்க் கை ஒருபோதும் தலைகீழாகப் புரள முடியாது. அதற்கு வேண்டிய சக்தியே அதனிடம் இல்லை. 90 பாகையில், அதாவது தரைக்கு இணையாக நீட்டிப் பிடித்து விட்டால், ஆட்டம் தொடங்கிவிடும். முழுக்க மேலே தூக்கி விடுவது கண்ணுக்கு விருந்து. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளுக்கு 90 தான் வசதி, ரசமட்டத்தை வைத்தே பிடிக்கலாம்.

ஒரே இடத்திலிருந்து இரண்டு முறை விட்டால் ஒரே மாதிரி ஆடுமா?

முதலில் ஆடும், பிறகு ஆடாது. எப்போது பிரிகிறது என்பதைப் பார்க்கத்தான் இந்தச் சோதனை. கையால் விட்டால் விரல் கொடுக்கும் சின்ன உதறலே இரண்டு தடவைக்கும் வேறாக இருக்கும். கீழ்க் கையின் நுனியைப் பருத்தி நூலால் கட்டி, மறுமுனையை ஓர் ஆணியில் கட்டி, அசைவு அடங்கும்வரை காத்திருந்து, நூலைத் தீக்குச்சியால் எரித்து விடுங்கள். யாரும் தொடாமல் விடுபடும். இதே முறையில் நான்கைந்து முறை விட்டு ஒவ்வொன்றையும் போனில் படம் பிடியுங்கள். முதல் விழுகையும் முதல் புரளலும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தது போல இருக்கும். சில நொடிக்குள் ஒன்று இடது பக்கம் புரளும், மற்றொன்று திரும்பிவிடும். அதோடு இரண்டுக்கும் உறவு முடிந்தது.

இன்னும் கவனமாக விட்டால் அதிக நேரம் ஒன்றாக ஆட வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கிடைப்பது எவ்வளவு என்று பாருங்கள். ஷின்பிராட், கிரெபோகி, விஸ்டம், யார்க் ஆகிய நால்வர் 1992இல் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களுக்கான ஆய்விதழ் ஒன்றில் தங்கள் இரட்டை ஊசலை அளந்து எழுதினார்கள். பிழை வளரும் வீதம் நொடிக்கு ஏறக்குறைய 7.5 என்று வந்தது. இதை நம் பேச்சில் சொன்னால், ஒவ்வொரு 0.3 நொடிக்கும் பிழை பத்து மடங்காகிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பத்து மடங்கு கவனமாக விட்டால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 0.3 நொடி. நூறு மடங்கு கவனத்துக்கு 0.6 நொடி. 3 நொடி கூடுதலாக வேண்டுமானால் ஆயிரம் கோடி மடங்கு துல்லியம் வேண்டும். 1 மி.மீ. பிழையோடு விடுபவர் அந்தப் பிழையை ஓர் அணுவின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கை முதல்முறை தாளில் போட்டபோது நான் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஊசலின் அளவைப் பொறுத்து வீதம் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

கணினியில் பார்த்தால் போதாதா?

கணினியிலும் பாருங்கள். பைதான் நிரல்மொழியில் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். சமன்பாட்டைச் சின்னச் சின்ன நேர அடிகளாகக் கணக்கிடும் ருங்கே–குட்டா முறை தெரிந்தால் போதும். ஆனால் உங்கள் ஊசலின் நூறு நொடிகளை அது முன்கூட்டிச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோணத்தை நீங்கள் அளந்ததில் உள்ள பிழை கணினிக்கும் போகிறது. பேரிங் உராய்வு, காற்று எல்லாவற்றையும் நுழைத்தாலும் முதல் சில நொடிகள்தான் பொருந்தும். கணினி நன்றாகச் சொல்வது வேறு விஷயங்களை: எந்தச் சக்திக்குக் கீழே புரளாது, சராசரியாக எவ்வளவு அடிக்கடி புரளும் என்பவற்றை.

எவ்வளவு நேரம் ஆடும்?

என்னுடையது மேலிருந்து விட்டால் முழுச் சுற்றுப் புரளல்கள் அரை நிமிடத்துக்கு மேல் வரும். பிறகு சக்தி குறைந்து ஒழுங்கான ஆட்டத்துக்கு இறங்கி, அதிலேயே சில நிமிடம் போகும். எல்லோரும் புரளலைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் அந்த இறங்கும் இடத்துக்காகக் காத்திருப்பேன்; குழப்பம் மெல்ல அடங்கி, இரண்டு கைகளும் ஒன்றாக அசையத் தொடங்கும் இடம் அழகானது.

ஒளிக்கோடு படங்கள் எடுப்பது எப்படி?

கீழ்க் கையின் நுனியில் சின்ன எல்.இ.டி. விளக்கு, 3 வோல்ட் நாணய பேட்டரி, நன்றாக ஒட்டும் டேப். இருட்டறையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஷட்டரை 8 முதல் 10 நொடி திறந்து வையுங்கள். முழங்கையில் வேறு நிற விளக்கும் வைத்தால் அது வட்டத்தின் வில்லையே திரும்பத் திரும்ப வரையும். நுனி விளக்கு அதைச் சுற்றிச் சிக்குக் கோலம் போடும். அளப்பதற்கு என்றால் போனின் ஸ்லோ மோஷன் வேண்டும். சாதாரண 30 பிரேம் வீடியோவில் ஒரு பிரேமுக்குள் நுனி 17 செ.மீ. ஓடிவிடும். 240 பிரேமில் 2 செ.மீ.தான். டிராக்கர் என்ற இலவச மென்பொருள் அந்தப் புள்ளிகளை எண்ணாக மாற்றித் தரும்.

கடையில் விற்பது நிற்காமல் ஆடுகிறதே?

அதன் அடிப்பீடத்தில் பேட்டரியும் மின்காந்தமும் ஒளிந்திருக்கும். கையில் உள்ள காந்தம் கடக்கும்போதெல்லாம் சின்னத் தள்ளு கொடுக்கும். அழகான பொருள்தான், ஆனால் தானே ஓயாமல் ஆடும் ஊசல் எதுவும் இல்லை.

லேத் பட்டறை பக்கத்தில் இல்லை. வேறு வழி?

12 மி.மீ. பிளைவுட்டில் செய்யலாம். வட்டத் துளை அறுக்கும் 22 மி.மீ. ஹோல் சா கிடைக்கும். முதலில் வீணான துண்டில் துளைத்து, பேரிங்கை வைத்துப் பாருங்கள். கொஞ்சம் லூஸாக இருந்தால் எபாக்சி பசை சரிசெய்துவிடும். எடை குறைவு என்பதால் கீழ்க் கையின் நுனியில் இரும்பு வாஷர்களை அடுக்கிப் போல்ட் போடுங்கள். அலுமினியம் அளவுக்கு நீண்ட நேரம் ஆடாது, ஆனால் மேலே சொன்ன சோதனைகள் எல்லாமே இதிலும் நடக்கும். பள்ளி மாணவர்கள் இதில் தொடங்குவதையே நான் விரும்புவேன்.

விளையாட்டுப் பொருளைத் தாண்டி இதற்குப் பயன் உண்டா?

கிரேனின் கொக்கி ஓர் ஊசல், அதில் தொங்கும் சுமை இன்னோர் ஊசல். அதை ஆடாமல் நகர்த்துவது பொறியாளர்களுக்கு உண்மையான தலைவலி. மணியும் அதன் நாக்கும் இரட்டை ஊசல்தான். ஜெர்மனியில் கொலோன் பேராலயத்துக்கு 1870களில் வார்த்த பெரிய மணி, ஆட்டியபோது ஒலிக்கவில்லை. நாக்கும் மணியும் சேர்ந்தே ஆடின, ஒன்றையொன்று தொடவில்லை. கோளாறு எங்கே என்று இரட்டை ஊசலின் கணக்கைப் போட்டுத்தான் கண்டுபிடித்தார்கள்.

மூன்றாவது கை மாட்டலாமா?

மாட்டிப் பார்த்தேன், இரண்டு வாரத்தில் கழற்றிவிட்டேன். இன்னொரு மூட்டு, இன்னும் கொஞ்சம் உராய்வு, சீக்கிரம் நின்றது. அதைவிட, கண்ணால் பின்தொடர முடியவில்லை. இரண்டு கையில் "இதோ புரளப்போகிறது" என்று நினைக்க நமக்கு ஒரு கணம் கிடைக்கும், நினைத்தது தப்பும். மூன்றில் நினைப்பதற்கே நேரமில்லை. மூன்றாவது கைக்காகப் போட்ட துளை என் கீழ்க் கையில் இன்னும் இருக்கிறது. இப்போது அதில்தான் எல்.இ.டி. விளக்கைச் செருகுகிறேன்.